ஆபீஸ் மழையும் எங்கள் மழையும்

பிள்ளைகள் எழுந்து நடமாடினால் அது நல்ல பாடம், உட்கார்ந்திருந்தால் பழைய பாணி. இப்படி ஓர் எண்ணம் நம் பள்ளிகளில் எப்படியோ ஊறிப்போய்விட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பாடம் பார்க்க வருகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று கவனித்தால் தெரிந்துவிடும். முதலில் சுவரைப் பார்ப்பார்கள். அப்புறம் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். அப்புறம் மாஜோங் தாள், அதாவது குழுவாக எழுதிச் சுவரில் ஒட்டுகிற பெரிய வெள்ளைத் தாள். தாளில் நாலு நிற மார்க்கர் ஓடியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எனக்கு இது வெகுநாளாகவே உறுத்தல். இந்த ஆண்டு மழையை வைத்து நாங்கள் செய்த ஒரு வேலைக்குப் பிறகு அது உறுத்தலாக மட்டும் இருக்கவில்லை. எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் பள்ளி மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம், செம்பனை (எண்ணெய்ப்பனை) பயிராகிற ஒரு தோட்டத்துப் பள்ளி. 150 பேருக்குக் கீழே போனால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்பது கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டில் எனக்கு பதினொரு பிள்ளைகள். பதினொரு பேரை மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று தாளைச் சுவரில் ஒட்டி, 'கேலரி வாக்' நடத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து மேசையில் என்ன எழுதுகிறார்கள் என்று எழுதும்போதே எட்டிப் பார்த்தவன், அதையே சுவரில் பார்க்க இன்னொரு முறை வரிசையில் போகிறான். படம் மட்டும் நன்றாக வரும். வாட்ஸ்அப் குழுவில் போடலாம், கோப்பில் வைக்கலாம்.

இந்த உத்திகள் எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. 2012-இல் 'ஐ-திங்க்' சிந்தனை வரைபடங்கள் வந்தபோது நானும் முகத்தைச் சுளித்தவள்தான். ஆனால் இரண்டு பொருளை ஒப்பிடச் சொன்னால் ஒரே வரியில் முடித்துவிடுகிற பிள்ளை, இரட்டிப்புக் குமிழி வரைபடம் கொடுத்தால் ஆறு குமிழியை நிரப்பப் பாடுபடுவதைப் பார்த்திருக்கிறேன். அது உதவிதான். சரி, அது போகட்டும். மழைக்கு வருகிறேன்.

போத்தலில் பிடித்த மழை

அறிவியலில் செயற்பாங்குத் திறன்கள் என்று பன்னிரண்டு உண்டு. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், இப்படியே பரிசோதனை செய்தல் வரைக்கும் போகும். படிநிலை இரண்டுக்கு, அதாவது நான்காம் ஆண்டுக்கு மேல் வந்த பிள்ளைகள் இவற்றின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது என்று பயிற்றியில் கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் பழகிய பழக்கம். 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள், பழக்கம் போகவில்லை. ஒரு மாறியை உண்மையில் மாற்றிப் பார்த்த பிள்ளை எத்தனை என்று கேட்டால்தான் சங்கடம்.

இன்னொரு பக்கம், எங்கள் தோட்ட ஆபீசில் தினமும் காலையில் மழை அளவு எழுதி வைப்பார்கள். வாசலுக்குப் பக்கத்துப் புல்தரையில் மழைமானி ஒன்று நிற்கிறது. கிராணி (தோட்டத்து எழுத்தர்) போய் அதிலுள்ள நீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு வந்து பதிவேட்டில் எழுதுவார். பழைய பதிவேடுகளில் அங்குலம், இப்போது மில்லிமீட்டர். பிள்ளைகள் தினமும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அது என்ன என்று கேட்டபோது ஒருவன் "சாம்பிராணி வைக்கிற இடம்" என்றான்.

ஆளுக்கொரு மழைமானி செய்து காட்சிக்கு வைப்பது எங்கும் நடக்கிற வேலை. நான் கேட்டது வேறு: நாமும் அளப்போம், ஆபீசும் அளக்கட்டும், இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா பார்ப்போம். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. அடிப்பாகம் பூப்போல மேடு பள்ளமாக இருப்பதால், சமமான இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு போட்டார்கள். பக்கவாட்டில் அடிக்கோலை ஒட்டினார்கள். மேலே ஒரு புனல். ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் ஊற்றுகிற புனல் அது. புனல் வைத்தால் ஆவியாவது குறையும், இலை தழை விழாது என்று அவளே காரணமும் சொன்னாள். நல்ல காரணம். கொடிமரத்துக்கு அந்தப் பக்கம், கூரை நீர் தெறிக்காத இடமாகப் பார்த்து நட்டு வைத்தோம்.

நம் பக்கத்து மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பருவம் மாறுகிற மாதங்களில் மத்தியானம் வரை கொளுத்தும், மூன்று மணிக்குமேல் இடியோடு கொட்டித் தீர்க்கும். முதல் நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போத்தலில் 57 மில்லிமீட்டர். ஆபீஸ் பதிவேட்டில் 24.

"ஆபீஸ்ல தப்பா எழுதிட்டாங்க டீச்சர்." இதைச் சொல்ல ஒருத்தனும் யோசிக்கவில்லை. கிராணி தூங்கிவிட்டார், குழாயில் ஊற்றும்போது சிந்திவிட்டார், பாதியை மாடு குடித்துவிட்டது. தங்கள் கையால் செய்த கருவி தப்பாக இருக்கும் என்று நினைக்கப் பிள்ளைகளுக்கு மனம் வராது. பெரியவர்களுக்கும்தான். ஒரு பையன் மட்டும், "ஆபீஸ் பக்கம் மழ கொறைவா பேஞ்சிருக்கும்" என்றான். இது அசட்டுத்தனமான யோசனை இல்லை. இந்த நாட்டில் தெருவுக்கு இந்தப் பக்கம் நனைந்து அந்தப் பக்கம் காய்ந்து கிடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆபீசுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர்கூட இராது; ஆனாலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். "அடுத்த மழையப் பாப்போம்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மழை சிறுதூறல்: ஆபீஸ் 8, நாங்கள் 18. அதற்கடுத்து இரவெல்லாம் பெய்தது: ஆபீஸ் 39, நாங்கள் 93. மூன்று வரிசையாக வெண்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வரிசை

எனக்கு இந்த முழுக் கதையிலும் முக்கியமான நேரம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அன்று பாடம் வேறு. கணிதத்தில் தசம வகுத்தல் நடந்துகொண்டிருந்தது. பாடநூல் கணக்கை முடித்துவிட்ட ஒரு மாணவி, சும்மா இருக்க முடியாமல், பலகை ஓரத்து எண்களை வகுத்துப் பார்த்திருக்கிறாள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 2.375, 2.25, 2.38 என்று மூன்று விடை. மேசைக்குக் கொண்டுவந்து காட்டினாள். வகுப்பில் அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை அவள். "எப்பவும் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல வருது டீச்சர். அந்தப் பக்கம் மழ கொறைவுனா ஒவ்வொரு தடவையும் வேற வேறயாத்தானே வரணும்?"

இந்தக் கேள்வியின் எடையைக் கவனியுங்கள். மழை சிறிதோ பெரிதோ, இரண்டு எண்ணுக்கும் உள்ள விகிதம் அசையவில்லை. அப்படியானால் காரணம் வானத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது. பத்து நிமிடம் முன்பு வரை அது அவளுக்கு வகுத்தல் கணக்கு. வகுத்து வந்த விடையே ஒரு கருதுகோளைத் தூக்கி எறியும் என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, நானும் கற்றுக்கொடுக்கவில்லை. வகுப்புக்கு முன் வந்து சொல்லச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். சரி, உட்கார்ந்த இடத்திலேயே சொல் என்றேன். சொன்னாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "மழ கொறைவு" என்று சொன்ன அதே பையன்தான் எழுந்தான். அவன் அப்பா புல்வெட்டும் இயந்திரங்கள் பழுது பார்ப்பவர். பெட்ரோல் ஊற்றிப் பழகிய கை. "புனல் வாய் பெருசு டீச்சர். போத்தல் மேல விழுற மழையோட நிக்காம அக்கம்பக்கத்து மழையையும் சேத்துப் புடிக்குது." வட்டாரத்து மழையையே அவன் திருட்டுக் கேசில் மாட்டிவிட்டது போலச் சிரிப்பு. சிரித்து முடித்ததும்தான் எல்லாருக்கும் புரியத் தொடங்கியது. புனல் வாய் எவ்வளவு பெரியது? போத்தலைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலாகவா?

அங்கேதான் ஒரு முட்டுச்சந்து. வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரம் நம் தொடக்கப்பள்ளிப் பாடத்தில் கிடையாது. இடைநிலைப் பள்ளிக்குப் போனபிறகுதான். சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்து இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. செவ்வகத்தின் பரப்பளவை அவர்கள் கட்டம் எண்ணித்தான் முதலில் படித்தார்கள். வட்டத்துக்கும் அதுவே போதும். ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளை ஆளுக்கொன்று கொடுத்தேன். புனலைக் கவிழ்த்து வாயைச் சுற்றிக் கோடு போட்டார்கள். அதே மாதிரி வெற்றுப் போத்தல் ஒன்றைக் குறுக்கே வெட்டி அதையும் வரைந்தார்கள். அப்புறம் எண்ண ஆரம்பித்தார்கள்.

வந்தவர் பார்த்தது

அன்றைக்குத்தான் ஒருவர் பாடம் பார்க்க வந்தார். எங்கிருந்து என்பது இங்கே தேவையில்லை. நல்ல மனிதர், பிள்ளைகளிடம் அன்பாகவே பேசினார். அவர் கதவைத் திறந்தபோது கண்ணில் பட்டது இதுதான்: பதினொரு பிள்ளைகள் தனித்தனியாகக் குனிந்து, பென்சில் முனையால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் புதிதாக ஒன்றும் இல்லை. மேசைகள் சேர்க்கப்படவில்லை. ஆசிரியை சன்னலோரம் சும்மா நிற்கிறாள். பாதிக் கட்டத்தை எண்ணலாமா கூடாதா என்று இரண்டு பேருக்கு நடுவில் கிசுகிசுப்பாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அது அவர் காதில் விழுந்திருக்காது. கால்மணி நேரம் இருந்தார். போகும்போது, "நடவடிக்கை ஒன்றும் காணோமே டீச்சர்? குழுவாகச் செய்ய வைத்திருக்கலாமே" என்றார். மாணவர் மையக் கற்றலை மேம்படுத்த வேண்டும் என்று குறிப்பிலும் எழுதினார்.

மறுபடி மறுபடி நான் நினைத்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அவர் கையில் வைத்திருந்த தர ஆவணம் தப்பானது இல்லை. 'எஸ்.கே.பி.எம்.ஜி. 2' என்று நாம் அழைக்கிற, கல்வி அமைச்சின் அந்த ஆவணத்தின் 4ஆம் தரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆசிரியரின் பங்குகளைச் சொன்னபின் கடைசியாக மாணவரைப் பற்றிப் பேசுகிறது: பாடத்தையொட்டிக் கேள்வி கேட்க வேண்டும், உயர்நிலைச் சிந்தனையோடு பதில் சொல்ல வேண்டும், பாடத்தைச் சுற்றியுள்ள வாழ்க்கையோடு இணைக்க வேண்டும். இத்தனையும் அந்த அறையில் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்க்க முந்தின வாரத்தின் மூன்று எண்கள் தெரிந்திருக்க வேண்டும். கால்மணி நேரத்தில் கண்ணுக்குப் படுவது மேசையும் தாளும்தான். மனிதர் எதைப் பார்க்க முடிந்ததோ அதைப் பார்த்துவிட்டுப் போனார். பார்வைக்கு வருகிறவர்களுக்காகவே நாம் பாடம் அமைக்கத் தொடங்கினால், கால்மணி நேரத்தில் காட்டக்கூடிய வேலைகள் மட்டுமே வகுப்பில் மிஞ்சும். பாதிப் பள்ளிகளில் அதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம். கசப்பாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்; நாலு ஆசிரியர் சேர்ந்து தேநீர் குடிக்கிற இடத்தில் கேட்டால் இதைவிடக் காரமாகச் சொல்வார்கள்.

குழு வேலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் வேண்டுமென்றேதான் தனித்தனியாக எண்ணச் சொன்னேன். குழுவில் எண்ணினால் ஒருவன் எண்ணுவான், மற்றவர்கள் அவன் விடையை எழுதிக்கொள்வார்கள். தனியாக எண்ணியதால்தான் புனலுக்கு 76, 78, 79 என்று எண்கள் மாறி மாறி வந்தன. போத்தலுக்கு 32 முதல் 34 வரை. விடைகள் முட்டியபிறகுதான் பேச ஒரு காரணம் கிடைத்தது. பாதிக்குமேல் வட்டத்துக்குள் வந்த கட்டத்தை எண்ணுவது, குறைந்தால் விடுவது என்று அவர்களே விதி போட்டார்கள். மறுபடி எண்ணினார்கள். சராசரி எடுத்தார்கள். வகுத்தலுக்கு மட்டும் நான் கால்குலேட்டர் கொடுத்தேன். அன்றைய வேலை அது இல்லை. 2.35 வந்தது. 57-ஐ அதால் வகுத்தால் 24-க்குக் கொஞ்சம் மேல். 93-ஐ வகுத்தால் 39-க்கும் 40-க்கும் நடுவில்.

கிராணி தூங்கவில்லை என்று நிரூபணமாயிற்று. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒருநாள் பள்ளி விட்டதும் அழைத்துப் போனேன். மனிதர் தன்மீது இப்படி ஒரு குற்றச்சாட்டு இருந்தது தெரியாமலே விடுதலையானார். தன் மழைமானியைத் திறந்து காட்டினார்: அதிலும் புனல் இருக்கிறது, உள்ளே இருக்கிற பாத்திரமும் வாயைவிடச் சிறியதுதான். ஆனால் அந்த அளவுக் குழாயை வாயின் பரப்புக்கு ஏற்றபடியே கோடு போட்டுச் செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த வகுத்தல் அந்தக் கோடுகளுக்குள் முன்பே அடங்கியிருந்தது. மழையை எதற்கு எழுதுகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். உரம் போட்ட கையோடு பெருமழை வந்தால் உரம் வாய்க்காலோடு போய்விடும், அதற்குப் பார்க்க வேண்டும் என்றார். அப்புறம், "இப்ப மழ இல்லாம காஞ்சா, செம்பனையில ஆண் பூ கூடிப்போகும். ஏறக்குறைய ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் குலை கொறையும். அப்ப ஏன் கொறைஞ்சதுன்னு மேனேஜர் கேட்டா இந்தப் புத்தகத்தத்தான் தொறப்போம்" என்றார். பல பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கு மழை என்றால் ரப்பர் பால்வெட்டு இல்லை, அன்றைய கூலி இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு வருடக் கணக்கு கிடைத்தது.

எல்லாருக்கும் புரிந்ததா?

இல்லை. இரண்டு பிள்ளைகள் கட்டம் எண்ணுவதோடு நின்றுவிட்டார்கள். ஏன் வகுக்கிறோம் என்பது அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர்களுக்காக வேறு வழி தேடினேன். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு இதைச் சொன்னதும் ஒருவனுக்குக் கண் விரிந்தது. திடலை அளந்தார்கள்: சுமாராக 50-க்கு 30 மீட்டர். அந்த 24 மில்லிமீட்டர் மழைக்குத் திடலில் மட்டும் 36,000 லிட்டர். எடையில் 36 டன். பத்து டன் ஏற்றுகிற குலை லாரி என்றால் நாலு லாரி என்று அவனே கணக்குப் போட்டான். புனல் விஷயம் அவனுக்கு இன்னும் முழுதாகப் புரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் மழைக்கு எடை உண்டு என்பது பிடிபட்டிருக்கிறது. ஆறு படியுள்ள அடைவுநிலையில் 3 போட்டேன். இன்னொரு பிள்ளைக்கு 2.

இதற்கெல்லாம் விலை உண்டு. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவர் நேராகவே கேட்டார்: "இவ்வளவு நாள் ஒரே போத்தலோடயா? யுஏஎஸ்ஏ வருதே, மத்த பாடம்?" நியாயமான கேள்வி. யுஏஎஸ்ஏ என்கிற அந்த ஆண்டிறுதித் தேர்வில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் இருக்கிறது, பெற்றோர் அதைத்தான் பார்ப்பார்கள். நான் எதை விட்டேன் என்று அவருக்குச் சொன்னேன். சுவர்த்தாள் வேலைகளை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். தாள் வாங்கி, தலைப்பு எழுதி, வண்ணம் தீட்டி, ஒட்டி, படம் எடுத்து முடிப்பதற்குள் இரண்டு பாடவேளை போய்விடும்; அதில் அறிவியல் ஓடுவது பத்து நிமிடம். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். கணிதத்தில் பரப்பளவு, சராசரி, தசம வகுத்தல் மூன்றும் இதற்குள்ளேயே நடந்துவிட்டதால் அங்கேயும் கொஞ்சம் மிச்சம். சின்னப் பள்ளியில் இரண்டு பாடமும் ஒரே ஆள் கையில் இருப்பதால் இது முடிந்தது. பெரிய பட்டணத்துப் பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருந்தால் முடிந்திருக்காது. சில தலைப்புகளை நேராகப் பாடநூலை வைத்து வாசித்து, கேள்வி கேட்டு, முடித்தேன். எல்லாவற்றையும் போத்தல் வைத்து நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "ஒங்க வகுப்புல பதினோரு பேரு, எனக்கு இருபத்தெட்டு" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருபத்தெட்டு பேர் தனித்தனியாக எண்ணினால் இருபத்தெட்டு விடை வரும். அதை ஒழுங்குபடுத்த எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது பிள்ளைகள் புனலைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு நேரான டின்கள், ஒரே அளவு வாய். ஒன்று திடலில், இன்னொன்று வேலியை ஒட்டிய செம்பனை மரத்தடியில். மரத்தின் ஓலை எவ்வளவு மழையைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்கிறார்களாம். திட்டம் அவர்களுடையது. மரத்தடி டின்னில் முதல் மழைக்கே திடலைவிட அதிகமாக வந்துவிட்டது. ஓலை மட்டையிலிருந்து வழிந்த நீர் நேராக டின்னுக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, டின்னை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. ஒரே மரத்தடியில் ஐந்தாறு டின் வைத்துச் சராசரி எடுக்கலாம் என்று கடைசிப் பக்கத்து வகுத்தல்காரி சொல்லியிருக்கிறாள். நாள் பாடத்திட்டத்தில் அந்த வாரம் வேறு கற்றல் தரம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை அறிவியலுக்கு இரட்டைப் பாடவேளை. முதல் பாதியில் பாடநூலை முடித்துவிட்டால் டின்களுக்கு முப்பது நிமிடம் கிடைக்கும். மைலோ டின் இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள் என்று வகுப்புக் குழுவில் செய்தி போட்டிருக்கிறேன்.